திருவல்லிக்கேணி லாட்ஜில் இரண்டு இரவு: சென்னையைக் காலி செய்தவனின் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், லாட்ஜ் என்று மட்டும் பார்த்தால் இதற்கு ஐந்துக்கு இரண்டரைதான். கட்டில் ஆடுகிறது, குழாயில் வருவது உப்புத் தண்ணீர், அறை மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. பக்கத்து அறைக்காரர் ராத்திரி பதினொன்றரைக்கு ஊருக்குப் போன் போட்டு மாட்டை விற்பதா வேண்டாமா என்று அரைமணி நேரம் பேசியது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது (விற்க வேண்டாம் என்று முடிவாயிற்று, எனக்கும் அதுதான் சரியென்று பட்டது). ஆனால் ஊரை விட்டுக் கிளம்புகிறவன் கடைசி சனி ஞாயிறை எங்கே கழிக்கலாம் என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் கை காட்டுவேன். அது ஏன் என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

லாட்ஜின் பெயரைப் போடவில்லை. திருவல்லிக்கேணிப் பெரிய தெருவைச் சுற்றியுள்ள சந்துகளில் இருக்கிற முக்கால்வாசி லாட்ஜுகளுக்கும் மேன்ஷன்களுக்கும் (தனி ஆண்கள் மாத வாடகைக்குத் தங்குகிற விடுதிகள்) நான் சொல்வது பொருந்தும், ஒருவரை மட்டும் இழுத்துவிட வேண்டாம் என்று பார்க்கிறேன்.

2009 ஜூனில் தென்காசியிலிருந்து கோயம்பேட்டில் வந்து இறங்கியபோது நான் முதலில் தங்கியது இங்கேதான், இரண்டு தெரு தள்ளி ஒரு மேன்ஷனில். மூன்று பேருக்கு ஓர் அறை, தலைக்கு மாதம் 850 ரூபாய். அப்புறம் வேலை, கல்யாணம், மடிப்பாக்கம், வேளச்சேரி என்று தெற்கே நகர்ந்துகொண்டே போய்விட்டேன். பதினாறு வருடம் கழித்து இப்போது ஒரேயடியாக ஊருக்கே போகிறோம். மனைவியும் மகளும் புதன்கிழமையே சாமான் லாரிக்குப் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள், பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். வீட்டுச் சாவியை வெள்ளிக்கிழமை ஒப்படைத்துவிட்டு, ஆபீஸில் பாக்கியிருந்த கையெழுத்துகளை முடித்துவிட்டு, ஞாயிறு இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் நான் ஏறுவதாகத் திட்டம். இடையில் இரண்டு இரவு எங்காவது படுக்க வேண்டும்.

நண்பர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டைக் காட்டினார்கள். இரண்டு இரவுக்கு 18,000, அறையிலிருந்தே கடல் தெரியும், காலைச் சாப்பாடு இலவசம். நல்ல இடமாகத்தான் இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் எனக்கும் அந்தக் கடலுக்கும் பழக்கமே இல்லையே. பதினாறு வருடத்தில் நான்கு தடவை ஆபீஸ் டீமோடு போயிருப்பேன், நான்கு தடவையும் கையில் பஃபே தட்டோடு நின்றதுதான் ஞாபகம். பழகாத இடத்தில் போய் எப்படி விடைபெறுவது?

சரி, லாட்ஜுக்கு வருகிறேன். யாரும் சொல்லாத, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம்: ஆதாரில் சென்னை முகவரி இருந்தால் பல லாட்ஜுகளில் அறை தரமாட்டார்கள். போர்டில் எழுதியிருக்காது, கார்டை வாங்கிப் பார்த்த பிறகு ‘ரூம் இல்ல சார்’ என்று வந்துவிடும். முதல் இரண்டு இடத்தில் எனக்கு அப்படித்தான் நடந்தது. உள்ளூர்க்காரன் உள்ளூரில் அறை எடுத்தால் ஏதோ வில்லங்கம் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கலாம். மூன்றாவது இடத்தில் மேனேஜர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், மூக்குக் கண்ணாடியைத் தூக்கி ஆதாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“வேளச்சேரின்னு போட்டிருக்கு. வேளச்சேரிலேர்ந்து திருவல்லிக்கேணிக்கு எதுக்கு ரூமு?”

வீட்டைக் காலி செய்துவிட்டேன் என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. போனில் பொதிகை டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன், வெயிட்டிங் லிஸ்ட் அல்ல, கன்ஃபர்ம் ஆனது. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்துவிட்டுத்தான் லெட்ஜரைத் திருப்பினார். நீளமான பழைய காலத்து லெட்ஜர், சிவப்புக் கோடு போட்டது. பெயர், வயது, வரும் ஊர், போகும் ஊர் எல்லாம் எழுதிவிட்டேன், ‘வந்த காரணம்’ என்ற கட்டத்தில்தான் பேனா நின்றுவிட்டது. என்ன எழுத? பத்து விநாடி பார்த்தார், அப்புறம் பேனாவை வாங்கி அவரே ‘சொந்த வேலை’ என்று எழுதிக்கொண்டார். அதற்கு மேலே இருந்த ஏழெட்டு வரியிலும் அதே சொந்த வேலைதான்.

வாடகை நாளுக்கு 900 ரூபாய், 500 அட்வான்ஸ். அன்றைக்கு ஒரு மாதம் படுத்ததை விட 50 ரூபாய் அதிகம் என்று படியேறும்போது கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். இருபத்து நாலு மணி நேரக் கணக்கு, மதியம் பன்னிரண்டுக்கெல்லாம் வெளியே அனுப்ப மாட்டார்கள், இது பெரிய வசதி. நான் வெள்ளி மாலை ஆறு மணிக்குப் போனதால் ஞாயிறு மாலை ஆறு வரை அறை என்னுடையது, அங்கிருந்து எழும்பூர் ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். காலை பத்துக்கே துரத்திவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாளெல்லாம் திரிய விடுகிற பெரிய ஓட்டல்களை நினைத்துப் பாருங்கள்.

அறை எட்டுக்குப் பத்து. ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் சின்னக் கண்ணாடி, கண்ணாடியின் ஓரத்தில் யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டு. மெத்தையை எடுத்து மூலை மூலையாகப் போன் டார்ச் அடித்துப் பார்த்தேன், மூட்டைப்பூச்சி இல்லை, இது சத்தியம். வீட்டில் எச்சரித்து அனுப்பியிருந்தார்கள், “ஏங்க, அந்தப் பூச்சியப் பெட்டியில போட்டுப் புது வீட்டுக்குக் கொண்டு வந்துராதிய” என்று. படுக்கை விரிப்பு துவைத்ததுதான், ஆனால் பழுப்பேறியது. ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, ரெகுலேட்டர்தான் வேலை செய்யவில்லை, ஆக ஒரே வேகம். குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறது, 2009-இல் வராந்தா கடைசியில் பக்கெட்டை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தவனுக்கு இது அரண்மனை. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது, தேய்க்கத் தேய்க்க வெள்ளையாகத் திரிந்து கையோடு வரும், தலைக்குக் குளித்தால் முடி கம்பி மாதிரி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தண்ணீரை முகத்தில் அடித்ததுமே எனக்கு இருபத்திரண்டு வயது ஞாபகம் வந்துவிட்டது. வேறு எந்தப் புகைப்படமும் அந்த வேலையைச் செய்யவில்லை.

தங்குபவர்கள் இப்போது மாறிவிட்டார்கள். எங்கள் காலத்தில் முழுக்க வேலை தேடும் பையன்கள். இப்போது பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை, பழையவர்கள் வாயில் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி, அது நடக்கிற தூரம், ஓமந்தூரார் மருத்துவமனையும் பக்கத்தில்தான். மாட்டுக்காரரும் அப்படி வந்தவர்தான், மகளுக்குப் பிரசவம். மீதிப் பேரில் தேர்வுக்குப் படிக்கிற பையன்களும், வடக்கிலிருந்து வந்த தொழிலாளிகளும். சேப்பாக்கத்தில் மேட்ச் இருக்கிற வாரத்தில் மட்டும் போய்விடாதீர்கள், அறையும் கிடைக்காது, கிடைத்தாலும் சொல்கிற வாடகை வேறு.

இனி சாப்பாடு. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் ரத்னா கஃபே. 1948-லிருந்து இருக்கிற கடை, எத்தனையோ கிளை திறந்துவிட்டார்கள், எனக்கு இந்தத் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக் கடைதான் கடை. சாம்பார் இட்லி சொன்னேன், வேறு எதையும் சொல்லத் தோன்றுவதில்லை. குழிவான தட்டில் இரண்டு இட்லியை வைத்துவிட்டு, சர்வர் ஜக்கைச் சாய்த்து ஊற்றுவதைப் பார்க்க வேண்டும், நாமாக இருந்தால் பாதியில் நிறுத்திவிடுவோம், அவர் நிறுத்த மாட்டார், இட்லி முங்கி விளிம்பு வரை வந்து தளும்பி நிற்கும்போதுதான் கையை எடுப்பார். உடனே சாப்பிடக் கூடாது. ஸ்பூனால் இட்லியை நாலாகப் பிளந்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். முதலில் ஓரம் பழுப்பாகும், அப்புறம் நடுவில் இருக்கிற வெள்ளை மெதுவாகச் சுருங்கிக்கொண்டே வரும், ஒரு பொட்டு அளவு வெள்ளை மிச்சம் இருக்கும்போது ஸ்பூனை விட்டால் அதுதான் சரியான பதம். சாம்பார் லேசாக இனிப்பு, கெட்டியும் இல்லை தண்ணியும் இல்லை, வேலை தேடிக்கொண்டிருந்த நாளில் இரண்டு இட்லிக்கு மூன்று தடவை சாம்பார் வாங்கிக் குடித்து மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். இன்றைக்கும் ஜக்கைத் தூக்கிக்கொண்டு சுற்றி வருகிறார்கள், கேட்காமலேயே ஊற்றுகிறார்கள். காபியும் நன்றாக இருந்தது, ஆனால் இந்தச் சாம்பாருக்கு அப்புறம் எந்தக் காபியும் எனக்கு ருசிக்காது, அது காபியின் தப்பில்லை. வடை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன், ஒன்பதரை மணி, நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்கிற கூட்டம், அப்படி நிற்கும்போது இரண்டு நிமிடம் ஊற வைப்பதெல்லாம் முடியாத காரியம். ஆக ஏழு மணிக்குப் போங்கள்.

மதியத்துக்கு காசி விநாயகா மெஸ். டோக்கன், இலை, பக்கத்தில் யார் உட்காருவார் என்று தெரியாது, பேச்சு கிடையாது, எழுந்து கை கழுவும்போது இடத்துக்கு அடுத்தவர் வந்திருப்பார். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கும், அவ்வளவுதான், அதுதான் வேண்டும்.

மெரினா கலங்கரை விளக்கத்துக்குப் போனதைச் சொல்ல வேண்டும். பதினாறு வருடம் இந்த ஊரில் இருந்துவிட்டு ஏறிப் பார்க்காதது எனக்கே வெட்கம். 1977-இல் கட்டியது, உள்ளே லிஃப்ட் உண்டு, ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு பல வருடம் பார்வையாளர்களை விடாமல் வைத்திருந்து 2013-இல்தான் திரும்பத் திறந்தார்கள். மதியம் இடைவேளை விடுவார்கள், திங்கள் விடுமுறை, இது தெரியாமல் போய் கேட்டில் நின்ற ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். நான் சனி மதியம் மூன்று மணிக்கு மேல் போனேன். மேலே காற்று சட்டையைப் பிடித்து இழுக்கிறது. வடக்கே பார்த்தால் மணல் வெளி, பல்கலைக்கழக செனட் ஹவுஸ் கோபுரங்கள், அதற்கும் பின்னால் துறைமுகத்து கிரேன்கள். தெற்கே சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கூர். நேர் கீழே மெட்ரோ வேலைக்கு அடித்த தகரத் தடுப்புகள். எல்லாரும் கடல் பக்கம் போட்டோ எடுத்தார்கள். நான் மேற்கே திரும்பி நின்று என் மேன்ஷனைத் தேடினேன், கிடைக்கவில்லை, அத்தனையும் தண்ணீர் டேங்கும் மொட்டை மாடியும். கறுப்பு சின்டெக்ஸ் ஆயிரம் இருக்கும் அங்கே. அதில் எந்தத் தண்ணீரில் நான் குளித்தேனோ.

சாயங்காலம் பைகிராப்ட்ஸ் சாலையில், அதாவது பாரதி சாலையில், நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். என் கண்ணுக்குக் கடைகள் குறைந்த மாதிரிப் பட்டது. ஒன்றும் வாங்கவில்லை, ஏற்கெனவே இருபத்து மூன்று பெட்டி புத்தகத்தை லாரியில் ஏற்றி அனுப்பிய வீட்டில் இருபத்து நாலாவது பெட்டியைப் பற்றிப் பேச எனக்குத் தைரியமில்லை. (லாரிக்காரர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். கிரைண்டர் கல் எப்படி உடையும் என்று யாராவது எனக்கு விளக்குங்கள். கல், சார், கல்.)

ராத்திரி நண்பர்கள் நாலு பேர் வந்தார்கள். பத்து மணிக்கு மேல் வெளியாள் இருக்கக் கூடாது என்பது லாட்ஜ் சட்டம், மொட்டை மாடிக் கதவும் பூட்டியிருக்கும். வாட்ச்மேன் அண்ணனிடம் போய், ஊரை விட்டுப் போகிறேன், ஒரு மணி நேரம் மேலே உட்கார்ந்துவிட்டு வருகிறோம் என்றேன். “பாட்டில் இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றதும் எங்கள் பைகளைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சாவி கொடுத்தார், உள்ளே இருந்தது பரோட்டாவும் சால்னா கவரும். மேலே கொடிக்கயிற்றில் லுங்கிகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டோம். பார்த்தசாரதி கோயில் கோபுரத்து விளக்கு தெரிந்தது, பெரிய மசூதி பக்கமிருந்து காற்று வந்தது. பேச்சு பெரிதாக ஒன்றுமில்லை, ஒருத்தன் தன் வீட்டுக் கடன் கதையை எடுத்தான், அதிலேயே முக்கால் மணி நேரம் போயிற்று. எனக்கு அது பிடித்திருந்தது, ‘உன்னை மிஸ் பண்ணுவோம்டா’ என்று யாராவது ஆரம்பித்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியாது.

ஞாயிறு விடியலில் கோயில். மீசை வைத்த மூலவரைப் பார்த்துவிட்டு, குளக்கரையில் கொஞ்ச நேரம். அல்லி பூத்த கேணி என்பதால்தான் திருவல்லிக்கேணி, இப்போது அல்லி கண்ணில் படவில்லை. அப்படியே துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் இருந்த வீடு வரை போனேன், அந்த நேரத்துக்குத் திறந்திருக்காது என்று தெரிந்தும். 1921-இல் அவர் இறந்த வீடு. சும்மா வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, எதிரே பால் பாக்கெட் எடுத்துக்கொண்டிருந்த அம்மா “இன்னும் தொறக்கலப்பா” என்றதும் கிளம்பிவிட்டேன். அங்கிருந்து மெரினா நடக்கிற தூரம்தான். அதைப் பற்றி எழுத எனக்கு வராது, நீங்கள் எல்லாரும் பார்த்த கடல்தானே. கால் நனைத்தேன். செருப்பில் ஏறிய மணல் தென்காசி வரை வந்தது.

குறை என்று சொல்ல இன்னும் இரண்டு. ஒன்று, சனி மதியம் இரண்டு மணி நேரம் குழாயில் தண்ணீர் வரவில்லை, கீழே போய்ச் சொன்னால் ‘மோட்டார் போட்டாச்சு’ என்ற ஒரே பதில்தான் ஒவ்வொரு தடவையும். இரண்டு, அறைக் கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் சரியாக விழுவதில்லை, வெளியே மாட்ட அவர்கள் தருகிற பூட்டு திறக்கவே அஞ்சு நிமிடம் ஆகிறது. சொந்தப் பூட்டு ஒன்று கொண்டு போய்விடுங்கள். குடும்பத்தோடு போகிற இடமில்லை, சின்னக் குழந்தை இருந்தால் வேண்டவே வேண்டாம். வண்டி நிறுத்த இடம் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் முதல் மாடி கேட்டு வாங்குங்கள், முன்கூட்டிப் போன் செய்தால் தருகிறார்கள். உங்களுக்கும் திருவல்லிக்கேணிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, சென்னைக்கு வந்ததே சோழிங்கநல்லூரில்தான் என்றால், இந்த லாட்ஜ் உங்களுக்கு வெறும் உப்புத் தண்ணீர் லாட்ஜ்தான், பணத்தை வீணாக்காமல் சோழிங்கநல்லூரிலேயே அறை எடுங்கள், நீங்கள் முதல் சம்பளத்தில் டீ குடித்த கடை இருக்கிறதா பாருங்கள்.

ஞாயிறு சாயங்காலம் ஐந்தரைக்குப் பெட்டியோடு இறங்கினேன். வேளச்சேரி வீட்டில் அட்வான்ஸில் பெயின்ட் என்று 22,000 பிடித்துக்கொண்டார்கள், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை, அதனால் இங்கேயும் ஏதாவது சொல்வார்கள் என்று தயாராகத்தான் நின்றேன். மேனேஜர் பையனை மேலே அனுப்பி பக்கெட்டும் மக்கும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவரச் சொன்னார். இருந்தது. 500-ஐ அப்படியே எடுத்து மேஜையில் வைத்துவிட்டு லெட்ஜரில் என் வரியைத் தேடிக் கையெழுத்து வாங்கினார். அடுத்த தடவை வந்தால் அறை கிடைக்குமா என்று கேட்டேன்.

“ஆதார்ல அட்ரஸ மாத்திட்டு வாங்க சார்,” என்றார், லெட்ஜரை மூடியபடி. “தென்காசின்னு இருந்தா நான் ஏன் கேள்வி கேக்கப் போறேன்?”